புதுப்பிப்பு: முழங்கால் வலியோடு மலைப்பாதையில் நடப்பது

மலை ரிசார்ட்டின் கோடைக்கால நடைபாதைகளில் இறங்கும்போது அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது ஒரே யோசனைதான்: கேபிள் காரில் ஏறி நடந்து இறங்காமல், நடந்து ஏறி கேபிள் காரில் இறங்குவது. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் முழங்காலில் விழுகிறது. மேலே சேர்ந்ததும் அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து, காலை இரண்டு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பண்ணலடா" என்றார். எனக்கு அது போதும்.

மலையில் நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தோராயமாகக் கணிக்க, 1892-இல் வந்த நெய்ஸ்மித் கணக்கைப் பார்த்தேன்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் 4 கி.மீ., 450 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி வந்தது. ஆனது இரண்டரை. அது நல்ல நடைக்காரர்களுக்கான கணக்கு, ஓய்வு நேரம் அதில் சேராது.

எதிர்பாராதது ஒன்று. மதியம் இடி இடித்ததும் கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம் மேல் நிலையத்துக்குள்ளேயே காத்திருந்தோம், குளிர் வேறு. அதனால் காலையிலேயே கிளம்புங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.