கோத்தகிரி பேண்டின் புது ஆல்பம்: மூன்று மாதம் நேரடியாக மட்டும் விற்பது சரியா?

பொரங்காடு_பையன்:
நம் கோத்தகிரி பேண்ட் நேற்று ரசிகர்களுக்கு ஒரு சேதி அனுப்பியிருக்கிறது. கிடைக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது ஆல்பம் முடிந்துவிட்டது, மொத்தம் எட்டுப் பாட்டு. முதல் மூன்று மாதம் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் வராது. 200 ரூபாய் ஜிபே செய்தால் பாட்டுகளை போனுக்கு அனுப்புவார்கள், வேண்டுமென்றால் மெமரி கார்டில் ஏற்றித் தருவார்கள். வெளியீட்டுக் கச்சேரி கோவையில் இல்லை. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, கோத்தகிரியிலேயே, 120 பேர் உட்காரும் ஒரு மண்டபத்தில், மாலை 4 முதல் 7 வரை. முதல் 80 டிக்கெட் மலையில் குடியிருப்பவர்களுக்கு.

படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன ஆல்பத்தில் மேட்டுப்பாளையம் இறங்கும் முதல் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறதே, அந்த பஸ்ஸில் பல வருடம் போனவன் நான். கிடார், கீபோர்டு, டிரம்ஸ் என்று பாப் இசைதான், ஆனால் பேச்சு நம் வீட்டுத் திண்ணையில் கேட்கிற பேச்சு. அதை முதலில் நம் ஊரில் பாடிக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு முழுச் சம்மதம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

திருப்பூர்_ஓவர்லாக்:
எனக்குச் சம்மதம் இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டபெட்டுப் பக்கத்துக்காரன். தேயிலை விலை விழுந்தபோது மலையிறங்கியவன். ஒன்பது வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். இந்த பேண்டை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நைட் ஷிப்டில் போனில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக வந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சு! மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அன்றைக்கு அந்தப் பாட்டு யூடியூபில் இல்லாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு பேண்ட் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

200 ரூபாய் எனக்குப் பிரச்சினை இல்லை, இன்றே அனுப்புவேன். ஆனால் மூன்று மாதம் புது ஆள் ஒருவர்கூட இந்த எட்டுப் பாட்டில் தற்செயலாக வந்து விழ முடியாது. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் அந்த 80 டிக்கெட். மலையில் குடியிருப்பவர் என்றால் என்ன கணக்கு? ஆதார் அட்ரஸா? என் அட்ரஸ் இப்போது திருப்பூர். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வர வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்களே, என் பைக் டிஎன் 43, நீலகிரிப் பதிவு, அதற்குக் கேட்பதில்லை. செக்போஸ்ட்டிலேயே என்னை உள்ளூர்க்காரன் என்று விடுகிறார்கள். என் பேண்ட் விடாதா?

குன்னூர்_அக்கா:
தம்பி, டிக்கெட் விஷயத்தில் நான் உன் பக்கம். பிழைக்கப் போனவர்களை வெளியே நிறுத்தக் கூடாது. ஆனால் மூன்று மாத விஷயத்தில் பேண்ட் பக்கம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலையைப் பறித்து ஆலைக்குப் போடும் நேரத்தில் கிலோ என்ன விலை என்று எங்களுக்குத் தெரியாது. தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகும். அங்கே விற்ற சராசரியை வைத்து நூற்றுக்கு விவசாயிக்கு 65, ஆலைக்கு 35 என்ற கணக்கில் தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு விலை சொல்லும். உரம், கவாத்து, பறிப்புக் கூலி எல்லாம் நம் தலையில், விலை மட்டும் வேறு எங்கேயோ முடிவாகிறது. நீயும் பார்த்து வளர்ந்ததுதான்.

இப்போது ஸ்பாட்டிஃபையைப் பார். அங்கேயும் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று விலை கிடையாது. வருகிற பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாட்டின் உரிமைக்காரர்களுக்கு என்கிறார்கள். கிட்டத்தட்ட அதே 65! ஆனால் எல்லோர் பணமும் ஒரே குவியல். மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில்தான் பிரிக்கிறார்கள். மாதம் முழுக்க நான் நம் பேண்டை மட்டுமே கேட்டாலும் என் சந்தாவில் பெரும்பகுதி பெரிய சினிமாப் பாட்டுகளுக்குத்தான் போகும். அதோடு, 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. போன ஆல்பத்தில் மூன்று பாட்டு அந்த ஆயிரத்தைத் தொடவில்லை என்று கச்சேரியில் அவர்களே சொன்னார்கள். அதில் ஒன்று பாட்டியின் கம்பளியைப் பற்றியது. என் மனதுக்கு அதைவிட நெருக்கமான பாட்டு அவர்களிடம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கொழுந்தை மட்டும் கிள்ளி, வீட்டிலேயே கையால் உருட்டி, காயவைத்து, பன்னிரண்டு கிலோ நேரடியாக விற்றேன். விலையை நான் சொன்னேன். அன்றைக்கே பணம் வந்தது. யார் வாங்கினார்கள், எப்படி இருந்தது என்று போன் செய்து சொன்னார்கள். முப்பது வருடம் ஆலைக்கு இலை போட்டும் கிடைக்காத மனநிறைவு அந்தப் பன்னிரண்டு கிலோவில் கிடைத்தது. மீதி இலை ஆலைக்குத்தான் போகிறது, அதை விட முடியாது. பேண்டும் அதைத்தானே செய்கிறது? முதல் மூன்று மாதம் நேரடியாக, அப்புறம் எல்லா இடத்திலும்.

திருப்பூர்_ஓவர்லாக்:
அக்கா, இலைக் கணக்கு புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் தேயிலை தீர்ந்துபோகும் பொருள். ஒரு கிலோவை ஒருவருக்கு விற்றால் இன்னொருவருக்கு இல்லை. பாட்டு அப்படி இல்லையே. நான் ஓசியில் கேட்டதால் உங்களுக்கு ஒரு துளி குறைந்துவிட்டதா? ஓசியில் கேட்டுத்தான் நான் 200 ரூபாய் கொடுக்கிற ஆளாக மாறினேன்.

மலைரயில்_1908:
கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கும் வேலை செய்கிறேன், இந்த பேண்டுக்கும் இரண்டு முறை செய்திருக்கிறேன். தொழில் பக்கத்திலிருந்து சிலது சொல்கிறேன்.

நேரடியாக விற்பதென்றால் கலைஞர்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், அது பரவாயில்லை. ஆனால் கலைஞர்களுக்கு பேபால் வழியாகத்தான் பணம் தருகிறது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயே பணம் அனுப்பி வாங்கும் சேவையை நிறுத்திவிட்டது. அதனால் ஜெர்மனியில் இருப்பவர் சுலபமாக வாங்கலாம், அரவேணுவில் இருப்பவர் திண்டாடுவார். ஜிபே என்றால் 200 ரூபாய் 200 ரூபாயாகவே அவர்கள் கணக்கில் விழும். அந்த வகையில் இது நன்றாக யோசித்த முடிவு.

என் கவலை வேறு. கோப்பு ஒருவர் கைக்குப் போனால் வாட்ஸாப்பில் பத்துப் பேருக்குப் போகும். அதுகூடப் பாதகமில்லை. பேண்ட் இன்னும் யூடியூபில் ஏற்றாத பாட்டை வேறு யாராவது தன் பெயரில் பதிந்து, யூடியூபில் பாட்டு யாருடையது என்று தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் சேர்த்துவிட்டால்? மூன்று மாதம் கழித்து உண்மையான சொந்தக்காரர்கள் ஏற்றும்போது அவர்கள் மேலேயே உரிமைக் கோரிக்கை வரும். தாங்கள் எழுதிய பாட்டு தங்களுடையது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். வேறொரு குழுவுக்கு இப்படி நடந்து, அவர்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுதுகிற கையே நின்றுபோய்விட்டது அவர்களுக்கு.

அதனால் பேண்டுக்கு நான் சொல்வது இதுதான். விற்பனை தொடங்குவதற்கு முன்பே, பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் எட்டுப் பாட்டையும் பதியுங்கள். எழுதியவர், இசையமைத்தவர் இருவரின் ராயல்டி உரிமையை 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் காப்பாற்றுகிறது, ஆனால் பதிந்தால்தான் பணம் தேடி வரும். ஒரு பாட்டையாவது முதல் நாளே யூடியூபில் உங்கள் பெயரில் போட்டுவிடுங்கள். திருப்பூர்த் தம்பி சொல்லும் கதவும் திறந்திருக்கும்.

கூடலூர்_லயன்:
நாங்கள் சேரம்பாடிப் பக்கம், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தொழிலாளர் வீட்டு வரிசையில், அதாவது லயனில் இருக்கிறோம். சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். நான் காலேஜ் இரண்டாம் வருடம்.

எங்கள் வீட்டுக்குள் டவர் எடுக்காது. மேட்டுக்கு ஏறிப் போய் நின்றால் இரண்டு புள்ளி வரும், மழைக்காலத்தில் அதுவும் வராது. பாட்டு பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மெமரி கார்டு என்றதும் இது எங்களை நினைத்துச் செய்ததுதான் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு கார்டு வாங்கினால் அம்மா, சித்தி எல்லோரும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்போம்.

2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது லயன் முழுக்க அதுதான். தேயிலைத் தோட்டத்து முன்னோர்களைப் பற்றிய பாட்டு என்பதால் பாட்டி அழுதே விட்டார். அவ்வளவு பேர் பார்த்த பாட்டிலிருந்தே தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் சொன்னாரே, அப்போது எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர்களுக்கே அப்படி என்றால் கோத்தகிரியில் நான்கு பேர் என்ன செய்வார்கள்?

திருப்பூர்_ஓவர்லாக்:
தங்கச்சி, அந்தப் பாட்டு உங்கள் லயனுக்கு எப்படி வந்தது? யூடியூபில்தானே. சினிமாப் படம் இல்லாமல், பெரிய ஹீரோ இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு அவ்வளவு தூரம் போக முடிந்ததே அதனால்தான். பணம் வராதது அநியாயம், அதில் எனக்கும் உனக்கும் ஒரே கருத்து. ஆனால் உன் பாட்டி அதைக் கேட்காமலே போயிருந்தால் அது அதைவிடப் பெரிய இழப்பு இல்லையா?

குன்னூர்_அக்கா:
இரண்டையும் தராசில் வைக்காதே தம்பி. பாட்டியும் கேட்க வேண்டும், பாடியவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இந்த நால்வரில் இருவர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் பாட்டு எழுதுகிறார்கள். மூன்றாவது ஆல்பம் வர வேண்டும் என்றால் இரண்டாவதில் ஏதாவது தேற வேண்டும். 150 பேர் வாங்கினால் 30,000 ரூபாய். ரெக்கார்டிங் செலவில் பாதியாவது அடையும். அதைக் கொடுக்க நாம் 150 பேர் இருக்கிறோமா இல்லையா என்பதுதான் என் கேள்வி.

பொரங்காடு_பையன்:
இங்கே பேசியதை எல்லாம் பேண்டுக்கு அனுப்பினேன். சற்று முன் பதில் வந்தது. டிக்கெட்டுக்கு அட்ரஸ் கேட்கப் போவதில்லையாம். மலையில் பிறந்தவர், வளர்ந்தவர், வேலைக்காக இறங்கியவர் எல்லோரும் அந்த 80-இல் சேர்த்தி, சொன்னால் நம்புவோம் என்று எழுதியிருக்கிறார்கள். வெளியூரில் இருப்பவர்களை நினைக்காமல் அந்த வரியை எழுதிவிட்டோம் என்று வருத்தமும் சொன்னார்கள். ஐபிஆர்எஸ் பதிவு இந்த வாரம். யூடியூபில் ஒரு பாட்டு போடுவது பற்றி நால்வருக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை, இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள்.

திருப்பூர்_ஓவர்லாக்:
டிக்கெட் விஷயத்தில் மனம் ஆறிவிட்டது, அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மூன்று மாத விஷயத்தில் நான் மாறவில்லை. வேண்டும் என்கிற அந்த இரண்டு பேரிடம், நைட் ஷிப்டில் மிஷினை நிறுத்தியவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லுங்கள். 400 ரூபாய் அனுப்புகிறேன். ஒன்று எனக்கு, இன்னொன்று சேரம்பாடி லயனுக்கு மெமரி கார்டில்.

கூடலூர்_லயன்:
அண்ணா, ரொம்ப நன்றி. ஆனால் கச்சேரிக்கே வர ஆசையாக இருக்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர், அங்கிருந்து கோத்தகிரிக்கு இன்னும் 30. ஏழு மணிக்கு முடிந்தால் அன்று ராத்திரி வீடு திரும்ப வழியே இல்லை. அம்மா தனியாக விடமாட்டார்.

குன்னூர்_அக்கா:
அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா கண்ணு. கோத்தகிரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஜீப் இருக்கிறது, மூன்று பேர் தாராளமாகத் தங்கலாம். அம்மா நம்பரைத் தனியாக அனுப்பு, நானே பேசுகிறேன். இங்கே ராத்திரி குளிர் அதிகம், ஸ்வெட்டரை மறக்காதே.