ஒளிவினையூக்கி காற்றையும் நீரையும் சுத்தம் செய்யுமா? ஒரு விவாதம்

நீலவானம்:
வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. அதன் அறைக்குப் புது அலமாரி ஒன்று வாங்கிப் போட்டோம், அதன் வாடை போகவே இல்லை. ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் அழுக்கை உடைக்கும் பொருள்) வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கினேன். கிருமி, வாயு, வாடை எல்லாவற்றையும் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் இரண்டு மணி நேரம் ஓடினால் மூக்கில் காரமாக ஒரு நெடி ஏறுகிறது. கழற்றிப் பார்த்தேன். தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, பக்கத்தில் ஊதா விளக்கு. இது உண்மையான அறிவியலா, வெறும் விளம்பரமா?

பகல்வெளிச்சம்:
முதலில் அந்த விளக்கை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், அது புறஊதா.

அறிவியல் உண்மையானதுதான். அந்த வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடாக இருக்கும். சுவர்ப் பெயிண்டில் வெண்மைக்காகச் சேர்க்கிறார்களே, அதே பொருள். 1972-ல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதில் செய்த மின்வாயின் மேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரையே பிரித்துக் காட்டினார்கள். 1985-ல் மட்சுனாகாவின் குழு இதே பொருளை வைத்து நுண்ணுயிர்களைக் கொன்று காட்டியது.

நடப்பது இதுதான். சுமார் 388 நானோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ அலைநீளமுள்ள ஒளி பட்டதும் உள்ளே ஒரு எலக்ட்ரான் துள்ளி எழும், அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சும். துளை, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரத்திலிருந்து ஹைட்ராக்சில் தனிஉறுப்பை, அதாவது கண்டதையெல்லாம் தாக்கும் ஒரு மூலக்கூறுத் துண்டை, உண்டாக்கும். எலக்ட்ரான் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் அந்த இடத்தைத் தொடுகிற கரிமப் பொருள் எதுவானாலும் துண்டு துண்டாகும். பாக்டீரியாவுக்கு முதலில் வெளிச்சுவரும் சவ்வும் கிழியும். ஊக்கியோ செலவாகாது. இதைப் பத்து வருடமாகக் கையில் வைத்து வேலை செய்கிறேன், இன்றும் வியப்பு தீரவில்லை.

குழாய்நீர்:
'அந்த இடத்தைத் தொடுகிற' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் நண்பரே. என் வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஹைட்ராக்சில் தனிஉறுப்பின் ஆயுள் நானோநொடிக் கணக்கு. பூச்சை விட்டுக் கிளம்பிப்போய் அறை நடுவில் மிதக்கும் கிருமியைப் பிடிக்க அதனால் முடியாது. அழுக்குதான் தேடி வந்து பூச்சில் ஒட்ட வேண்டும். மின்விசிறி தள்ளும் காற்று அந்தச் சல்லடையைக் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டிப் போய்விடுகிறது. அதற்குள் எவ்வளவு ஒட்டும், எவ்வளவு உடையும்?

பாதி உடைந்தால் இன்னும் மோசம். உதாரணத்துக்கு, எத்தனால் என்ற ஆல்கஹால் நேராகக் கார்பன் டை ஆக்சைடாகாது. நடுவில் அசிட்டால்டிஹைடு, ஃபார்மால்டிஹைடு என்று படிப்படியாகத்தான் இறங்கும். நேரம் போதாவிட்டால் அந்த இடைப்பொருள்கள்தான் அறைக்குள் திரும்பி வரும். குழந்தை இருக்கிற அறையில் இது சின்ன விஷயமில்லை.

பெரிய அளவில் செய்து பார்த்ததும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் லியோபோல்ட் சுரங்கச் சாலையின் ஒரு பகுதிக்கு இந்தப் பூச்சு அடித்து, புறஊதா விளக்கும் போட்டு அளந்தார்கள். வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு இறங்கியது அதிகபட்சம் 2 சதவீதம் இருக்கலாம், அவ்வளவுதான். சுரங்கத்தின் அழுக்குக் காற்றே பூச்சை மழுங்கடித்துவிட்டது.

பகல்வெளிச்சம்:
பிரஸ்ஸல்ஸ் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இந்தப் பொருளுக்குக் கிடைத்ததிலேயே மோசமான களம். வேகமான காற்று, குறைந்த ஒளி, புகைக்கரி. மீனை மரத்தில் ஏறச் சொல்லிவிட்டு அதைக் குறை சொல்லக் கூடாது.

1995-ல் விண்ணோடத்தில் செடி வளர்த்த பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். செடிகள் விடும் எத்திலீன் வாயு மூடிய பெட்டிக்குள் சேர்ந்தால் செடியையே கெடுக்கும். அதை நீக்க வைத்தது இதே டைட்டானியம் டை ஆக்சைடும் புறஊதா விளக்கும்தான். மூடிய இடம், மெதுவான காற்று, ஒரே ஒரு சின்ன மூலக்கூறு.

தண்ணீரில் இதற்கு இன்னும் நல்ல இடம் இருக்கிறது. ஸ்பெயினில் அல்மேரியா சூரிய ஆய்வு மையத்தில், வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குழாய்களின் மேல் குவித்து, பூச்சிமருந்து கலந்த கழிவுநீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். நுண்ணுயிர்களால் தின்ன முடியாத மூலக்கூறுகள்கூட உடைந்தன. மணிக்கணக்கில் நேரம் கொடுத்தார்கள், பலன் வந்தது.

குழாய்நீர்:
நான் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். இதை ஆசையோடு முயன்று பார்த்தவனும்கூட. டைட்டானியம் டை ஆக்சைடுப் பொடியைத் தண்ணீரில் போட்டுப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தோம், நன்றாகத்தான் வேலை செய்தது. அப்புறம்தான் சிக்கல். தண்ணீர் பால் மாதிரி நின்றது. மறுநாள் காலை பார்த்தேன், அப்படியே இருந்தது. வடிதாளில் ஊற்றினேன், வெள்ளையாகவே கீழே இறங்கியது. அந்தப் பொடியை யாருக்கும் குடிக்கக் கொடுக்க முடியாது. சரி என்று கண்ணாடித் தட்டில் ஒட்டவைத்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைந்து, வேகமும் விழுந்துவிட்டது.

இதெல்லாம் காய்ச்சி வடித்த சுத்த நீரில். நிஜத் தண்ணீரில் பைகார்பனேட்டும் மக்கிய இலைச் சத்தும் இருக்கும். நாம் உண்டாக்கும் தனிஉறுப்பைப் பாதி வழியில் அவையே தின்றுவிடும். வெயிலை நம்பலாம் என்றால் அதில் புறஊதா சுமார் 5 சதவீதம்தான். இன்னொன்று, குளோரின் குழாயின் கடைசி வீடுவரை கூடவே போகும். இந்த முறையில் விளக்கைத் தாண்டியதும் தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

வேதிமாணவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குழாய்நீர் ஐயா, பொடிச் சிக்கல் எனக்கும் வந்தது. அதைவிட வேறொன்று என்னை உலுக்கியது.

மெத்திலீன் நீலக் கரைசலில் பொடியைப் போட்டு, மூடிய குப்பியில் விளக்கின் கீழ் வைத்தேன். நீலம் மறைந்தது. சாயம் அழிந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஆசிரியர் வந்து, 'மூடியைத் திறந்து காற்றுப் பட விட்டுக் குலுக்கு' என்றார். குலுக்கினேன், மேலிருந்து நீலம் திரும்பி வந்தது. ஆக்சிஜன் தீர்ந்துபோன குப்பியில் சாயம் நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கிறது, உடையவே இல்லை. அப்படியானால் நிறம் போனதை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளை எப்படி நம்புவது?

பகல்வெளிச்சம்:
தம்பி, அருமையான ஆசிரியர் உங்களுக்கு. நிறத்தை நம்பாதீர்கள். தண்ணீரில் மிஞ்சியிருக்கும் மொத்தக் கரிமக் கார்பனை அளக்க வேண்டும். அது குறைந்தால்தான் அழிந்தது என்று பொருள். சாயமே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சி, தானே எலக்ட்ரானைக் கொடுத்து வெளுப்பதும் உண்டு. 'வெறும் பகல் ஒளியிலேயே வேலை செய்கிறது' என்று சாயத்தை மட்டும் வைத்துச் சொல்கிறவர்களை நானும் ஏற்பதில்லை.

கருவிப் பெட்டிகளில் இருக்கும் எண்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பூச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22197-1 என்ற பன்னாட்டுத் தரச் சோதனையில், சின்னத் துண்டு ஒன்றின் மேல் நிமிடத்துக்கு 3 லிட்டர் காற்றைத்தான் ஓடவிடுகிறார்கள். புறஊதா சதுர மீட்டருக்கு 10 வாட். பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல சோதனை. உங்கள் அறைக்கு அதிலிருந்து கணக்குப் போட முடியாது.

குழாய்நீர்:
நீங்கள் இப்போது சொன்னதைக் கருவிப் பெட்டியில் அச்சடித்தால் நான் ஏன் சண்டைக்கு வரப்போகிறேன்?

நீலவானம்:
இருவருக்கும் நன்றி. இப்போது நான் என்ன செய்ய?

குழாய்நீர்:
விளக்கை அணைத்துவிடுங்கள். கருவியில் ஹெப்பா வடிகட்டியும் (நுண்தூசியைப் பிடிப்பது) வாயுவை உறிஞ்சும் கரியும் இருந்தால் அவை மட்டும் ஓடட்டும். ஜன்னலைத் திற, அலமாரியை வெளியே போடு. வாடையின் மூலம் உள்ளே இருக்கும்வரை எந்தக் கருவியும் துரத்திக்கொண்டேதான் இருக்கும்.

பகல்வெளிச்சம்:
குழந்தை அறையில் இருக்கும்போது விளக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். குழந்தையை வேறு அறையில் விட்டு, அலமாரியை வெளியேற்றி, காற்றோட்டம் கொடுத்த பிறகு அறையை மூடி விளக்கோடு ஓடவிடுங்கள். அப்போதும் நெடி வந்தால், விளக்கே ஓசோனை உண்டாக்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், கருவியைத் திருப்பிக் கொடுங்கள். வராவிட்டால் அலமாரியின் வாயு பாதியில் உடைந்து நின்றிருக்கிறது.

நீலவானம்:
செய்து பார்த்தேன். அலமாரி மூன்று நாளாக மொட்டை மாடியில் இருக்கிறது. அறையை மூடி நான்கு மணி நேரம் விளக்கோடு ஓடவிட்டேன். நெடி இல்லை.

பகல்வெளிச்சம்:
அப்படியானால் ஊக்கி வேலை செய்திருக்கிறது. அதற்கு நேரம் போதவில்லை.

குழாய்நீர்:
நேரம் போதாத வேலையைக் குழந்தையின் அறையில் செய்யக் கூடாது என்றுதான் முதலிலிருந்தே சொல்கிறேன். விளக்கின் இணைப்பைக் கழற்றிவிட்டீர்களா?

நீலவானம்:
கழற்றிவிட்டேன் ஐயா.