விவியன் உட்வர்டின் ஆட்டத்தைப் போர் முடித்துவைத்ததா?

கேள்வி:
1908, 1912 ஒலிம்பிக் போட்டிகளில் பிரிட்டன் கால்பந்து அணிக்குத் தலைமையேற்று இருமுறையும் தங்கம் வென்ற விவியன் உட்வர்ட், செல்சி அணியில் இருந்தவர். ஆயினும் இங்கிலாந்துக் கால்பந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1915 இறுதியாட்டத்தில், செல்சி ஆடியும், அவர் ஆடவில்லை. முதல் உலகப் போர்தான் காரணமா?

பதில் 1:
போர் பாதிக் காரணம்தான், நண்பரே. 1914இல் படையில் சேர்ந்திருந்த அவருக்கு, செல்சியின் முன்கள வீரர் பாப் தாம்சன் காயமுற்றிருந்ததால், ஓல்டு டிராஃபர்டில் நடந்த அந்த ஆட்டத்துக்காக விடுப்பு கிடைத்தது. தாம்சன் தேறிவிட்டார் என்று தெரிந்ததும், அணியை இறுதிவரை கொண்டுவந்தவரின் இடத்தைத் தாம் பறிப்பது முறையன்று என உட்வர்ட் ஒதுங்கிக்கொண்டார். எதிரணியான ஷெஃபீல்டு யுனைடெட் 3-0 என்று வென்றது.

பதில் 2:
மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17ஆம் பட்டாலியனில், அதாவது கால்பந்து வீரர்களும் ரசிகர்களும் திரண்டு சேர்ந்த பிரிவில், அதிகாரியாக இருந்தபோது, 1916 ஜனவரியில் கையெறிகுண்டு வெடித்து அவருடைய தொடையில் காயம் ஏற்பட்டது. அதன்பின் முதல்தர ஆட்டத்துக்கு அவர் திரும்பவேயில்லை.

பதில் 3:
இருப்பினும், போர் தொடங்கியபோது அவருக்கு வயது 35. இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்த காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. எனவே அவருடைய உச்சத்தைப் போர் பறித்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். இருபது வயதுகளில் இருந்த வீரர்களின் இழப்பே பெரிது. ஊதியம் பெறாமல் ஆடிய இந்தக் கட்டடக் கலைஞர், பின்னாளில் பண்ணைத் தொழிலில் ஈடுபட்டதோடு செல்சியின் இயக்குநராகவும் இருந்தார்.