பழைய பிக்கப் மலையில் சூடானால் வால்வைக் கழற்றி எறியலாமா?

பட்டறைக்காரன்:
டிரைவர்கள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "பழைய பிக்கப் மலை ஏறும்போது சூடானால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறி, வேலை முடிந்தது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினைச் சுற்றும் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியதும், அதை ஆற வைக்கும் ரேடியேட்டருக்கு வழி விடத்தான் அந்த வால்வு. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சூட்டுக்கே வராது. டீசல் குடிக்கும், சிலிண்டர் தேயும். சூட்டுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும்: போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயெல்லாம் உப்பு அடைத்திருக்கும். அதைப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை.

தக்காளிலோடு:
சொன்னது நான்தான். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவும் லோடோடு ஏறுகிறேன். வால்வு கிடையாது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. பட்டறையில் உட்கார்ந்துகொண்டு மலைக்கதை பேசாதீர்கள்.

பட்டறைக்காரன்:
மலையிலேயே பாதி என்றால் சமதளத்தில் எங்கே கிடக்கும்? அதுதான் நோய். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் தயிர் மாதிரி ஒட்டியிருக்கும்.

தக்காளிலோடு:
அது இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். இதுகூடத் தெரியாமல் பட்டறை வேறு!

பட்டறைக்காரன்:
கேஸ்கெட் போனால் வெள்ளைப் புகை வரும், ரேடியேட்டரில் தண்ணீர் குறையும், குமிழி விடும். மூடியில் மட்டும் இருந்தால் இன்ஜின் குளிர்ந்தே ஓடுகிறது என்று அர்த்தம். இன்னொன்று: சில இன்ஜின்களில் அந்த வால்வின் அடித்தட்டுதான் பைபாஸை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்குவழியை, அடைக்கிறது. வால்வு இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. சூடு கூடத்தான் செய்யும்.

சேலத்துத்தம்பி:
அண்ணே, ரேடியேட்டர் மூடியை ஏன் யாருமே பேசவில்லை? மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும்.

தக்காளிலோடு:
தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே.

சேலத்துத்தம்பி:
வயதை வைத்தா ரேடியேட்டர் வேலை செய்கிறது?

பட்டறைக்காரன்:
தம்பி சொன்னது சரி. ஆனால் நல்ல மூடி போட்டாலும் வால்வு வேண்டும். போன மாதம் அதிக லோடு தாங்க வண்டியின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சொருகும் பேச்சிலும் இவர் இப்படித்தான் மல்லுக்கு நின்றார். பட்டை கூடினால் பிரேக்கும் கூடிவிடுமா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

தக்காளிலோடு:
பட்டை இல்லாமல் லோடு ஏற்றினால் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். வாடகை நீங்களா தருவீர்கள்?

பட்டறைக்காரன்:
அனுமதித்த எடையை ஏற்றினால் ஏன் உட்காரப் போகிறது? பாதி சூடு அதிக லோடால்தான் வருகிறது.

மலைக்காற்று:
ரேடியேட்டர் ஃபேனைச் சூட்டுக்கு ஏற்ப வேகமாகச் சுற்ற வைக்கும் ஃபேன் கிளச்சைச் சோதித்தீர்களா?

தக்காளிலோடு:
என் வண்டி சூடாகவே இல்லை, எதைச் சோதிக்க? வால்வு இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஓட்டுவேன்.

பட்டறைக்காரன்:
ஓட்டுங்கள். ஆனால் ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து படம் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

தக்காளிலோடு:
நீங்கள் முதலில் திம்பம் ஏறிவிட்டு வாருங்கள்.