முகாமில் பள்ளி இலவசம்தான், பெண் பிள்ளைகள் மட்டும் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

புதுமுகம்:
அகதிக் குழந்தைகளின் படிப்பைப் பற்றி முதுகலைக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடக்கப் பள்ளியில் பத்து சிறுவர்களுக்கு எட்டு சிறுமிகள்கூட இல்லை, மேலே போனால் ஏழுகூட இல்லை என்கிறது ஐநா அகதிகள் முகமையின் 2018 அறிக்கை. "பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதினேன், வழிகாட்டி அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு என்னதான் காரணம்?

பழைய டீச்சர்:
அடித்தது சரிதான். நான் இரண்டு வருடம் ஒரு முகாம் பள்ளியில் இருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு பெண், காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள், கேட்டால் சிரித்து மழுப்புவாள். பிள்ளைகளின் கழிப்பறைக்கு ஒருநாள் நானே போனபோதுதான் விஷயம் புரிந்தது. கதவில் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கயிறு, அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். மாதத்தில் நாலைந்து நாள் அவள் பள்ளிக்கே வர மாட்டாள், கணக்கில் பின்தங்குவாள், பரீட்சையில் போகும், கடைசியில் "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று பெயர். அவள் அம்மாவுக்கு விழிப்புணர்வெல்லாம் நிறையவே இருந்தது, தண்ணீர் வரிசையில் நிற்கவும் கைக்குழந்தையைப் பார்க்கவும்தான் வேறு ஆள் இல்லை.

கரிசல்:
கல்யாணத்தை விட்டுவிடாதீர்கள். ஜோர்டானில் சிரிய அகதிக் குடும்பங்கள் பல, பணக் கஷ்டத்தாலும் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தாலும் சின்ன வயதிலேயே கட்டிக் கொடுத்தன. வங்கதேசத்தில் ரோஹிங்கியா அகதி முகாம்கள் இருக்கும் காக்ஸ் பஜாரில், பெண்களுக்குத் தனி வகுப்பு, பாடம் எடுப்பதும் பெண் என்றால் வயதுக்கு வந்த பிள்ளைகளை அனுப்பச் சம்மதிக்கிற ரோஹிங்கியா வீடுகள் உண்டு. ஆக, பள்ளியே வேண்டாம் என்பதில்லை. அப்புறம் பையன்களையும் பாருங்கள், லெபனானில் சிரியப் பையன்கள் வயலுக்கும் கட்டட வேலைக்கும் போய்ப் படிப்பை விடுகிறார்கள். அந்தப் பக்கம் இல்லாமல் கட்டுரை நொண்டும்.

சட்டப்புழு:
1951 அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவைப் படித்தீர்களா? தொடக்கக் கல்வியில் அடைக்கலம் தரும் நாட்டின் குடிமக்களுக்கு என்ன உண்டோ அதையே அகதிக்கும் தர வேண்டும். அதற்கு மேல் உள்ள படிப்புக்கு "இயன்றவரை சாதகமாக" நடத்தினால் போதும், மற்ற வெளிநாட்டவரைவிடக் குறையக் கூடாது, அவ்வளவே. பெண் பிள்ளைகள் அதிகம் நிற்கிற கட்டமும் அதுதான், சட்டமும் சரியாக அங்கேதான் பிடியைத் தளர்த்துகிறது.

புதுமுகம்:
இந்தப் பிரிவு என் கண்ணில் படவே இல்லை, நன்றி. டீச்சர், அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்?

பழைய டீச்சர்:
தச்சு வேலை தெரிந்த ஒரு பையனின் அப்பா தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார். ஏழாம் வகுப்பு பாதிவரை ஒழுங்காக வந்தாள். பிறகு அந்தக் குடும்பத்தை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட யாரும் வரவில்லை.