தொண்ணூறுகளில் பார்த்த மேட்ச்களில் இன்னும் உறுத்திக்கொண்டே இருப்பது எது?

கேலரிப் பையன்

1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தான் டெஸ்ட். 271 அடிக்கணும், 82க்கு 5 விக்கெட், அப்புறம் சச்சினும் மோங்கியாவும். இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாமா எங்கிருந்தோ இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டார். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணெதிரே நடப்பதையே தமிழ் வர்ணனையிலும் கேட்டுக்கொண்டிருந்தார். சச்சின் ஓவருக்கு ஓவர் இடுப்பில் கை வைத்துக் குனிவது எங்கள் உயரத்திலிருந்தே தெரிந்தது. சதம் தாண்டியாயிற்று. பாகிஸ்தான் சுழற்பந்துக்காரர் சக்லைனை இறங்கி வந்து சாத்துகிறார். 17 ரன்தான் பாக்கி.

அந்தப் பந்து மேலே போனதும் முன்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது வெறும் முதுகுகள். நீலச் சட்டை ஒன்று, பக்கத்தில் வியர்வையில் ஒட்டிப்போன பனியன் ஒன்று. கத்தல் கிளம்பியது, நானும் சிக்ஸ் என்று கையைத் தூக்கிக் கத்தினேன். பாதிக் கத்தலில் சத்தம் அறுந்தது. அந்தப் பெரியவரின் டிரான்சிஸ்டரில் வர்ணனையாளர் பேசுவது மட்டும் எங்கள் வரிசைக்கே கேட்டது. வாசிம் அக்ரம் பிடித்துவிட்டாராம்.

நேரில் போயும் அந்தக் கேட்சை நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக டிவியில் எத்தனை தடவை போட்டாலும், அது வேறு யாரோ போன மேட்ச் மாதிரியே இருக்கிறது. அப்பா வீட்டில் இருந்தபடி கடைசி ஒரு மணி நேரத்தைக் கேசட்டில் பிடித்து வைத்தார். கேசட் இன்னும் பத்திரமாக இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் மனசு வரவில்லை.

மூன்றாவது அம்பயர்

எல்லாரும் சச்சினோடு நிறுத்திவிடுகிறீர்கள். அன்றைக்குக் கங்குலி அவுட்டே இல்லை. அடித்த பந்து பக்கத்தில் நின்ற ஃபீல்டர் மேல் பட்டு, தரையில் விழுந்து, எழும்பித்தான் விக்கெட் கீப்பர் மொயின் கான் கைக்குப் போனது. அப்போதெல்லாம் அம்பயர் தீர்ப்பை ரீப்ளேயில் சரிபார்க்கச் சொல்லும் டிஆர்எஸ் ஏது? அவர் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் சச்சின் முதுகு வலியோடு போராட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். கையில் 4 விக்கெட், தேவை 17 ரன். ஒன்று இரண்டாக எடுத்திருக்கலாம். தூக்கி அடித்தது தப்புக் கணக்கு.

என் அனுபவமா? எதிர்வீட்டுச் சாலிடேர் டிவியில் பார்த்தேன், தோற்றதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

மைலாப்பூர்க்காரி

மூன்றாவது அம்பயர் அண்ணே, கங்குலி விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் முதுகு பிடித்துக்கொண்டவரை "ஒன்று இரண்டாக ஓடு" என்று சொல்வதற்கு நாக்கு கூச வேண்டாமா? ஓட முடியாததால்தான் தூக்கி அடித்தார். அவர் போன பிறகு மிச்சம் 3 விக்கெட்டும் சேர்ந்து எடுத்தது 4 ரன். அவர் அவுட் ஆனபோது 254, எல்லாம் முடிந்தபோது 258. மிச்சம் இருந்த அந்த நாலு பேரைக் கேளுங்கள் கேள்வியை.

எனக்கு உறுத்துவது அதற்கு இரண்டு வருஷம் முந்தி, அதே சேப்பாக்கத்தில். 1997 மே 21, ஒருநாள் ஆட்டம், பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194. அக்கினி நட்சத்திர வெயிலில் தசை பிடித்துக்கொண்டு அவருக்கு ஓட முடியவில்லை, ரன்னராக அப்ரிடி வந்தார். அடிப்பவர் ஒருவர், ஓடுபவர் ஒருவர் என்பதே எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. கும்ப்ளேயை ஒரே ஓவரில் மூன்று சிக்ஸ் அடித்தார். நான் கேட்டை வெறித்துக்கொண்டு, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை ஒருநாள் ஆட்டத்தில் உலக சாதனையாக இருந்த ரிச்சர்ட்ஸின் 189ஐத் தாண்டியதும் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். சும்மா ஒப்புக்கு இல்லை, சட்டைப் பையில் இருந்த மூக்குக் கண்ணாடி கீழே விழுவதுகூடத் தெரியாமல். சுற்றி எல்லாரும்தான் தட்டினார்கள், ஆனால் என் அப்பா தட்டலாமா? கண்ணாடியை நான் எடுத்துக்கொடுத்தேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ்ஸிலும் தனி சீட். "ஆடினவன் ஆடிட்டான், நாம பார்த்தோமில்ல?" என்றார். அந்த வயசில் அது துரோகம். இப்போது அவர் இல்லை, அவரோடு உட்கார்ந்து அந்த மேட்சைத் திரும்பப் பார்க்கணும் போல இருக்கிறது.

அன்று டிராவிட் அடித்த 107, ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய முதல் சதம். ஒருவராவது சொல்கிறார்களா பாருங்கள்.

பழைய டெக்

நான் 1996 உலகக் கோப்பை பெங்களூரு காலிறுதியை வீடியோ டெக்கில் பதிவு செய்து வைத்திருந்தேன். பாகிஸ்தானின் ஆமிர் சோஹைல் பிரசாத்தை நாலு அடித்துவிட்டு பேட்டை நீட்டிக் காட்டுவார், அடுத்த பந்தில் ஆஃப் ஸ்டம்ப் காலி. சித்தி அதன் மேலேயே ஒரு சீரியலைப் பதிவு செய்துவிட்டார். இப்போது அந்தக் கேசட்டில் சோஹைல் பேட்டை நீட்டுகிறார், உடனே ஒரு மாமியார் அழுகிறார். ஸ்டம்ப் பறக்கவே இல்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேலரிப் பையன், அந்தக் கேசட்டை அப்படியே எடுத்து டெக்கில் போட்டுவிடாதீர்கள். முதலில் மூடியைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதோடு ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் தொற்றும். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்காத கேசட்தான் அதிசயம். அப்படி இருந்தால் நீங்களே துடைக்கப் போகாமல், பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள்.

சுத்தமாக இருந்தால், ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்த டேப் கொஞ்சம் தளரும். அதற்கும் முன்னால், முதுகுப் பக்கம் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். உடைத்த கேசட்டில் யாராலும் மேலே பதிவு செய்ய முடியாது. என் சித்தி கதை உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது. படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், உள்ளே காந்தம் இருக்கிறது.

டெக் புதிதாகக் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. பழைய டெக் ஒன்றைத் தேடி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். மூன்று மணி நேர கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஏறும், குறுக்கு வழி கிடையாது. ஏற்றியதை இரண்டு இடத்தில் வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள்.

கேலரிப் பையன்

பழைய டெக் அண்ணா, ரொம்ப நன்றி. அது ஆடியோ கேசட். எங்கள் வீட்டில் டெக்கே கிடையாது. ரேடியோ வர்ணனையை டேப் ரிக்கார்டரில் பிடித்தது.

பழைய டெக்

அப்படியா. ஆடியோ கேசட்டுக்கும் பூஞ்சை வரும். நாக்கு அதற்கும் உண்டு, இரண்டு. தனியாக விரிவாக எழுதுகிறேன்.

ரூபவாஹினி

தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். மாடியில் மூங்கில் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா, அதற்கு ஒரு பூஸ்டர். காற்று சரியாக அடித்தால் நம்ம சேனலைவிட இலங்கை ரூபவாஹினி பளிச்சென்று வரும். 1996 மார்ச் 13, இலங்கையோடு ஈடன் கார்டன்ஸில் உலகக் கோப்பை அரையிறுதி. நம்ம சேனல் படம் ஒரே புள்ளி மயம், ரூபவாஹினிக்குத் திருப்பினோம். படம் பரவாயில்லை, வர்ணனை சிங்களம்.

252 அடிக்கணும், 98க்கு ஒரு விக்கெட், சச்சின் 65. ஜெயசூர்யா போட்ட பந்து காலில் பட்டு லெக் பக்கம் உருண்டது. ஒரு ரன் ஓடத்தான் சச்சின் வெளியே வந்தார். அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது. அடுத்த நொடி அவர் பாட்டுக்கு பெவிலியனை நோக்கி நடக்கிறார். வர்ணனையாளர் உற்சாகமாக ஏதோ சொல்கிறார், ஒருவருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை. "கால்ல அடிபட்டிருக்கு, ரன்னர் கேக்கப் போறாரு" என்றார் பெரியப்பா. "தண்ணி பிரேக்" என்றான் அண்ணன். ரீப்ளே போட்டபோதுதான் விக்கெட் கீப்பர் களுவிதாரண பெயில்ஸைத் தட்டியது தெரிந்தது. பெரியப்பா ரீப்ளேயையும் நம்பவில்லை. அடுத்தவர் உள்ளே வந்து கார்டு எடுக்கும் வரை ரன்னர் என்றே சாதித்தார்.

அதற்கப்புறம் 120க்கு 8, பாட்டில் வீச்சு, காம்ப்ளி அழுதுகொண்டே வந்தது எல்லாம் தெரிந்த கதைதானே. எனக்குப் பெரியப்பா முகம்தான் நினைவில் நிற்கிறது.

செம்மண்

கிரிக்கெட்டை விட்டால் உலகத்தில் விளையாட்டே இல்லையா? கோவில்பட்டிக்காரன் கேட்கிறேன்.

1998 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டு, ஹாக்கி ஃபைனல். தென் கொரியாவோடு டிரா ஆகி பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போனது. இப்போது மாதிரி 8 விநாடிக்குள் பந்தை ஓட்டிப்போய் அடிப்பதெல்லாம் கிடையாது, புள்ளியில் பந்தை வைத்து ஒரே தள்ளு. கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்தார், தங்கம் வந்தது. 1966க்கு அப்புறம் அதுதான். கேப்டன் தன்ராஜ் பிள்ளை. புனே பக்கம் பிறந்து வளர்ந்தவர், ஆனால் தமிழ்க் குடும்பம். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது போதும்.

சாயங்காலம் செம்மண் மைதானத்தில் பிராக்டிஸ். சேதி வந்ததும் மாஸ்டர் விசில் ஊதி எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார். இனிப்பு வாங்கித் தரப்போகிறார் என்று நினைத்தோம். மனுஷன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, பேட் இல்லை, ஹெல்மெட் இல்லை, வெறும் ஸ்டிக்கோடு கோலில் போய் நின்றார். "நான் பல்லால். ஒவ்வொருத்தனா வாடா" என்றார். முதல் இரண்டு பேர் பயந்து மெதுவாகத் தள்ள, நன்றாகத் திட்டினார். மூன்றாவது நான். என் பந்து அவர் முழங்காலில் பட்டது. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நொண்டிக்கொண்டே "தடுத்துட்டேன்ல" என்று சிரித்தார்.

ஜெயித்து வந்த கையோடு தன்ராஜையும் பல்லாலையும் டீமை விட்டு உட்கார வைத்தார்கள். பேர் ஓய்வு. கங்குலி அவுட்டா இல்லையா என்று 25 வருஷத்துக்கு மேல் சண்டை போடுகிறீர்களே, இதற்கு யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

மூன்றாவது அம்பயர்

எழுதியிருக்கணும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கங்குலி நாட் அவுட்.

கணக்கு நோட்டு

1998 ஷார்ஜா, ஆஸ்திரேலியாவோடு. மணல் புயல் அடித்ததும் "இனிமே எங்க ஆடப் போறாங்க, படு, காலைல பரீட்சை" என்று டிவியை அணைத்துவிட்டார் அப்பா. மறுநாள் பரீட்சை ஹாலுக்கு வெளியே ஒவ்வொருத்தனும் காஸ்ப்ரோவிச்சை சச்சின் அடித்த சிக்ஸை அரையடி ஸ்கேலால் ஆடிக் காட்டுகிறான். நானும் "ஆமாடா, என்னா அடி" என்றேன். 143 அடித்தும் அந்த மேட்ச் தோற்றது, ரன் ரேட்டில் ஃபைனலுக்குப் போனது என்பதே பேப்பரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

இடது கை

அதே வருஷம் ஜனவரி 18, டாக்கா, பாகிஸ்தானோடு ஃபைனல். பொங்கல் லீவின் கடைசி ஞாயிறு. 48 ஓவரில் 315. அப்போது உலகத்திலேயே யாரும் துரத்தாத ஸ்கோர். கடைசி ஓவரில் வெளிச்சம் போய், டிவியில் பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. இரண்டு பந்தில் 3 ரன். சக்லைன் போட, கனித்கர் சுழற்றினார். பந்து தெரியாததால் நாங்கள் ஃபீல்டர்களைப் பார்த்தோம். ஒருவர் ஓடாமல் நின்றதும்தான் நாலு என்று புரிந்தது.

அன்றிலிருந்து கனித்கர் கனித்கர் என்றுதான் பேச்சு. கங்குலி 124 அடித்ததாவது ஞாபகம் இருக்கிறது. மூன்றாவதாக இறங்கி, கங்குலியோடு 179 ரன் சேர்த்து, 82 அடித்த ராபின் சிங்கை யார் சொல்கிறார்கள்? நம்ம தமிழ்நாட்டு டீமில் ஆடியவர், நாமே சொல்வதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தெருவில் பேட்டிங் பிடிக்கும் முன்பே சண்டை. எட்டுப் பேரும் கனித்கர். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எனக்கு ராபின் வந்தது. மூன்று பேருமே இடது கை ஆட்டக்காரர்கள் என்பதால் இடது கையில்தான் ஆடணும் என்று ரூல் வேறு. ஒருத்தனுக்கும் பேட்டில் பந்து படவில்லை. முழு டீமும் சேர்ந்து 9 ரன், அதில் 6 வைடு.