புதுப்பிப்பு: முன்பணம் கொடுத்த கதை, ஒரு பருவம் கழித்து

எங்கள் குடியிருப்பில் சில வீடுகள் சேர்ந்து, விதைப்புக்கு முன்பே ஒரு விவசாயக் குழுவுக்குப் பணம் கொடுத்து, வாராவாரம் காய்கறியில் பங்கு வாங்குவதை முன்பு எழுதியிருந்தேன். விளைச்சல் குறைந்தால் யார் தலையில் விடியும் என்றும் கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது: எங்கள் தலையிலும்தான்.

மூன்றாவது மாதம் மழை கெடுத்தது. கூடை பாதிதான் நிறைந்திருந்தது. அடியில் ஈரத்தில் மை கலைந்த ஒரு சீட்டு: "இந்த வாரம் இவ்வளவுதான்." இரண்டு வீடுகள் பணத்தைத் திருப்பிக் கேட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நட்டத்திலும் பங்கு உண்டு என்று வாயால் பேசினோமே தவிர, எழுதி வைக்கவில்லை.

விவசாயியும் வாங்குபவரும் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகக் கைகோர்க்கும், ஜப்பானில் 1970களிலேயே வேரூன்றிய 'தெய்கேய்' முறையை அப்புறம்தான் படித்தேன். விளைந்ததை வாங்குபவர் முழுதாக ஏற்க வேண்டும், விலையை இரு தரப்பும் பேசி முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்ட கொள்கை. முதலிலேயே படித்திருக்கலாம்!

சரி, இப்போது ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிவிட்டோம். அந்த இரு வீடுகளில் ஒன்று திரும்பி வந்தது. வண்டி வாடகையை யார் கொடுப்பது என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓடுகிறது.